பாய்மரப் படகு ஓட்டப் பழக எழுத்துத் தேர்வு எதற்கு?

நெய்தல்நிலம்:
பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. (அந்த நாட்டுப் படகோட்டச் சங்கம்) முறையில் ‘டே ஸ்கிப்பர்’ என்ற படகுத் தலைவர் பாடம் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று கரையில் உட்கார்ந்து படிப்பது: சுமார் 40 மணி நேரம், தேர்வுத் தாள்களோடு. மற்றொன்று படகிலேயே ஐந்து நாள். அதில் எழுத்துத் தேர்வே கிடையாது. செய்முறையில் சேர 5 நாள், 100 கடல் மைல், 4 மணி நேர இரவு ஓட்டம் முன்னனுபவமாகக் கேட்கிறார்கள். கரைப்பாடச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, அந்த அறிவு இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். போதாததற்கு, சொந்தப் பொழுதுபோக்குப் படகை அந்த நாட்டுக் கடலில் ஓட்ட உரிமமே வேண்டியதில்லை.

அப்புறம் எதற்கு அந்த 40 மணி நேரம்? நேரே படகில் ஏறிப் பழகினால் என்ன குறைந்துவிடும்? கிரீஸிலோ குரோஷியாவிலோ 35 அடிப் படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு ஓட்ட வேண்டும் என்பதுதான் குறிக்கோள். அதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:
எந்தப் படகு என்று முதலில் பிரித்துக்கொள்வோம். ஆப்டிமிஸ்ட், ஐ.எல்.சி.ஏ. மாதிரி டிங்கிகளுக்கு (சின்னத் திறந்த பாய்ப்படகுகளுக்கு) எழுத்துத் தேர்வு வேண்டாம். ஆர்.ஒய்.ஏ. டிங்கி பாடத்தின் முதல் இரண்டு நிலைகளும் தலா இரண்டு நாள், பரீட்சை எதுவும் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது, பாயை எவ்வளவு இழுப்பது, உடம்பின் எடையை எங்கே வைப்பது என்பதெல்லாம் நாலு தடவை கவிழ்ந்து நிமிர்ந்தால் வந்துவிடும். தப்புச் செய்த மறுநொடியே படகு பதில் சொல்லிவிடுகிறது. பாதுகாப்புப் படகும் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு) உள்ள 35 அடிப் படகில் தப்புக்கும் அதன் பலனுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி. காலை ஒன்பது மணிக்கு வரைபட மேசையில் கூட்டலில் விட்டது மதியம் இரண்டு மணிக்கு மணல்திட்டில் வந்து நிற்கும். இது ஒன்று. இன்னொன்று, ஐந்து நாள் செய்முறையில் அந்த ஐந்து நாளுக்கு வாய்த்த வானிலையை மட்டுமே பார்க்க முடியும். வெயிலும் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) காற்றுமாக வாரம் ஓடிவிட்டால் மூடுபனியைப் பற்றி யார் சொல்லித் தருவது? பயிற்றுநரால் அதை வரவழைக்க முடியாது.

மூடுபனியையே எடுங்கள். சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் (1972) விதி 18 பாய்ப்படகுக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்கிறது. பலர் இந்த ஒரு வரியோடு கடலுக்குப் போகிறார்கள். ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடியாதபோது அந்த முன்னுரிமை அப்படியே போய்விடுகிறது. அங்கே ஆள்வது விதி 19. எல்லாப் படகும் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாருக்கும் ‘நான் என் போக்கில் போவேன்’ என்ற உரிமை இல்லை. முன்பக்கம் ரேடாரில் மட்டும் தெரியும் கப்பலைத் தவிர்க்க இடப்புறம் திரும்பக் கூடாது. நாம் முந்திச் செல்லும் கப்பல் மட்டும் விதிவிலக்கு. பாய்ப்படகு எழுப்ப வேண்டிய ஒலி ஒரு நீளம், இரண்டு குறுக்கம். இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இதைப் படகில் பட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. முதல் முறையே சரியாக வர வேண்டும்.

கட்டுமரம்:
வாடைக்காற்று சார், மூடுபனி எல்லாம் சரி. ஆனா வாடகைப் படகுக்காரங்க மாட்டிக்கிறது எங்கன்னு பாருங்க. மெரினாவுக்குள்ள! வலச்சுழல் புரொபெல்லர் இருந்தா ரிவர்ஸ் போட்ட உடனே பின்பக்கம் இடது பக்கமா இழுக்கும். படகு நகர ஆரம்பிச்சு சுக்கான்ல தண்ணி ஓடுற வரைக்கும் சுக்கானைத் திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல. அதுக்குள்ள 15 நாட் குறுக்குக் காத்து முன்பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடும். பதறிப்போய் ஆக்சிலரேட்டரை அமுக்குறான், பக்கத்துப் படகுல இடிக்கிறான். சரின்னு எஞ்சினை நம்பி வெளிய வந்தா, ஜிப் (முன்பாய்) கயிறு ஒண்ணு தண்ணியில தொங்கிக்கிட்டு இருக்கும். கியர் போட்ட மறு நிமிஷம் புரொபெல்லர்ல சுத்தி எஞ்சின் நின்னுடும்.

ஜைப்பும் (பின்காத்துல பாயை மறுபக்கம் மாத்துறது) அப்படித்தான். மெயின் ஷீட்டை (பெரிய பாயை இழுக்குற கயிறு) நடுவுக்கு இழுத்து வெச்சுட்டுத் திரும்பணும், பூம் (அந்தப் பாயோட அடிக்கட்டை) தாண்டின உடனே விடணும். கை பழகலைன்னா மண்டை போயிடும். நாலு விடையில ஒண்ணை டிக் அடிச்சா இது வருமா?

அப்புறம் ஒண்ணு. ராமநாதபுரத்துல தொடங்கி குமரி வரைக்கும் பாய் கட்டி ஓட்டின நம்ம ஆளுங்க எந்தப் பரீட்சை எழுதினாங்க?

யாழ்மாலுமி:
கட்டுமரம் அண்ணை, மெரினாவைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கயிறு விசயம் இன்னும் சரி: எஞ்சினைத் தொடக்க முன்னம் எல்லாக் கயிறும் படகுக்கு உள்ளுக்கை இருக்கோ எண்டு ஒராள் சுற்றிப் பார்த்து வாயால சொல்ல வேணும்.

ஆனால் கடற்றொழிலாளர் உதாரணம் இஞ்சை பொருந்தாது. அவையள் ஒரு கரையைச் சின்ன வயசிலயிருந்து அறிஞ்சவை. கோயில் கோபுரமும் பின்னாலை நிக்கிற பனையும் ஒரே கோட்டில வந்தால் கல் கிட்ட வந்திட்டுது எண்டு அவைக்குத் தெரியும். கரையில இரண்டு அடையாளத்தை ஒரு நேர்கோட்டில பிடிக்கிற அதே முறையைத்தான் டே ஸ்கிப்பர் பாடத்தில வரைபடத்தில கீறிக் காட்டுகினம். வாடகைப் படகுக்காரன் முன்பின் பார்க்காத கரைக்கு ஒரு கிழமைக்குப் போறான். அவனுக்குக் கோபுரமும் இல்லை, பனையும் இல்லை. வரைபடம் மட்டும்தான் இருக்கு. அதை வாசிக்கத் தெரியாட்டில் என்ன செய்யிறது?

இன்னொண்டு. பாக்கு நீரிணையில ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குறது) ஒரு மீட்டருக்கும் குறைவு. சென்னையில பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பிரிஸ்டல் கால்வாயில 12 மீட்டரைத் தாண்டும். எங்கட ஊர் அனுபவத்தில ஓதக் கணக்கு தேவைப்படேல்லை எண்டு சொன்னால், அது ஊரின்ரை புவியியல்.

நங்கூரமும் அந்தக் கணக்குத்தான். முழுச் சங்கிலி எண்டால் ஆழத்தின் நாலு மடங்கு விடு, கயிறும் சங்கிலியும் சேர்ந்தது எண்டால் ஆறு மடங்கு எண்டு எல்லாருக்கும் பாடம். எந்த ஆழம்? இப்ப மானி காட்டுற ஆழம் இல்லை, நீங்கள் நிக்கப் போற நேரத்துக்குள்ளை வரக்கூடிய ஆகக் கூடிய ஆழம். இப்ப 3 மீட்டர், ஓதம் இன்னும் 4 மீட்டர் ஏறப் போகுது எண்டால் கணக்கு 7 மீட்டருக்கு: 28 மீட்டர் சங்கிலி. 12 மீட்டர் விட்டுப்போட்டுப் படுத்தால் இரவு நங்கூரம் இழுபடும். அதோடை, அந்த 28 மீட்டரில படகு சுத்துறதுக்குச் சுற்றிவர இடமும் பார்த்து வைக்க வேணும்.

எல்பே நதி:
ஜெர்மனியிலிருந்து எதிர் உதாரணம் ஒன்று. இங்கே 15 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் இருந்தால் கடலில் ஓட்ட ஸ்போர்ட்போட்ஃப்யூரர்ஷைன் என்ற உரிமம் கட்டாயம். அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு: 30 தெரிவு வினாக்கள், கூடவே 9 கேள்விகள் கொண்ட வரைபடப் பயிற்சி, அதில் 7 சரியாக இருக்க வேண்டும். செய்முறைத் தேர்வு நடப்பது எஞ்சின் படகில். ஆக, ஒரு தடவைகூடப் பாயை ஏற்றாமல் இந்த உரிமத்தை வாங்கலாம். பிறகு மத்தியதரைக் கடலில் 40 அடிப் பாய்மரப் படகை அதைக் காட்டியே வாடகைக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

வினா வங்கி அரசே வெளியிடுவது. வெளியிட்ட பட்டியலில் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் இருப்பதுதான் சரியான விடை. தேர்வில் வரிசையைக் கலைத்துவிடுவார்கள். விளைவு ஊகிக்கக்கூடியது. சரியான வாக்கியத்தின் முகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, கேள்வியைப் பாதி படிக்கும்போதே விடையைத் தட்டுகிறார்கள். ‘பாய்ப்படகின் உச்சி விளக்கு சிவப்பின் மேல் பச்சையா, பச்சையின் மேல் சிவப்பா?’ என்று இரவில் கேட்டால் விழிக்கிறார்கள்.

ஆனாலும் அந்த 9 கேள்வி வரைபடப் பகுதியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பென்சிலால் கோடு போட்டு, கோணம் அளந்து, காந்த விலக்கத்தை (திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை) கூட்டிக் கழித்தே ஆக வேண்டும். விடையின் முகம் என்று ஒன்று அங்கே இல்லை. எழுத்துத் தேர்வு என்று பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டு, எந்த மாதிரித் தாள் என்று பேசினால்தான் இந்த விவாதம் நகரும்.

வாடைக்காற்று:
எல்பே நதி சொன்னதுதான் விஷயம். டிக் அடிக்கும் தாள் வேறு, கணக்குப் போடும் தாள் வேறு. ஒரு கணக்குத் தருகிறேன், யாராவது போடுங்கள்.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரை, ஜூலை மாதம். அச்சிட்ட ஓத அட்டவணையில்: தாழ் ஓதம் 10:00, 0.6 மீட்டர். உயர் ஓதம் 16:00, 5.4 மீட்டர். வழியில் ஒரு மணல்திட்டு; வரைபடத்தில் அதன் மேல் 0.9 என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறது. படகு நீருக்குள் 1.8 மீட்டர் அமிழும். கைக்கடிகாரத்தில் 13:00. தாண்டலாமா?

கட்டுமரம்:
இது என்ன பெரிய விஷயம். ஏத்தம் 4.8 மீட்டர். பன்னிரண்டா வகுத்தா ஒரு பங்கு 0.4. ஓதம் ஒரே சீரா ஏறாது: முதல் மணி நேரம் 1 பங்கு, ரெண்டாவது 2, மூணாவது 3. மொத்தம் 6 பங்கு, 2.4 மீட்டர். 0.6 சேர்த்தா 3.0. அடிக்கோடு போட்டிருந்தா அது தண்ணி வத்தினா வெளிய தெரியுற உயரம், அதனால 0.9 கழிக்கணும். 2.1 மீட்டர் தண்ணி. படகுக்கு 1.8. அடியில 30 சென்டிமீட்டர் மிச்சம். அலை இல்லைன்னா மெதுவா போயிடலாம்.

வாடைக்காற்று:
கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அடிக்கோட்டையும் கவனித்தீர்கள், பாதிப் பேர் அங்கேயே விழுவார்கள். ஆனால் படகு தரை தட்டும்.

அட்டவணை கிரீன்விச் நேரத்தில் அச்சிடப்படுகிறது. ஜூலையில் கைக்கடிகாரம் கோடை நேரம் காட்டும், ஒரு மணி நேரம் கூடுதல். ஆகவே தாழ் ஓதம் உங்கள் கடிகாரப்படி 11:00. 13:00 மணிக்கு ஏறியிருப்பது மூன்று பங்குதான், 1.2 மீட்டர். 0.6 + 1.2 − 0.9 = 0.9. படகுக்குத் தேவை 1.8. பாதிதான் இருக்கிறது.

இது ஏறும் ஓதம் என்பதால் தப்பித்தீர்கள். தரை தட்டினாலும் முக்கால் மணி நேரத்தில், 13:45 வாக்கில், தானாக மிதந்துவிடும்.

கட்டுமரம்:
இப்ப யாரு சார் அச்சடிச்ச அட்டவணை பாக்குறா? ஃபோன்ல ஆப் இருக்கு, உள்ளூர் நேரத்துலயே காட்டும். சார்ட் பிளாட்டர் (திரையில கடல் வரைபடம் காட்டுற கருவி) ஆழத்தையே சொல்லிடும்.

எல்பே நதி:
ஆப் உள்ளூர் நேரம் காட்டும். எந்த நேரம் என்று அமைப்பில் ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சார்ட் பிளாட்டரில் காட்டும் எண் பெரும்பாலும் வரைபட ஆழம்தான், ஓதம் சேர்த்தது அல்ல. ஆழமானியும் படகுக்குப் படகு வேறு: சிலவற்றில் நீர்மட்டத்திலிருந்து அளவு, சிலவற்றில் கீலின் அடியிலிருந்து, சிலவற்றில் மானி பொருத்திய இடத்திலிருந்து. வாடகைப் படகில் ஏறிய முதல் நாளே ஒரு கயிற்றில் எடை கட்டி இறக்கி மானியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மெரினா பே:
சிங்கப்பூர்ப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஓதத்தைவிட விளக்குதான் தலைவலி. சாதாரணமாகப் பார்க்கும் தப்பு: மாலையில் பாய்மரத்தின் உச்சியில் உள்ள மூவண்ண விளக்கைப் போடுகிறார்கள். காற்று விழுகிறது. எஞ்சினைப் போடுகிறார்கள். மூவண்ண விளக்கு அப்படியே எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சட்டப்படி அது எஞ்சின் படகு; மூவண்ணத்தை அணைத்து, கீழே உள்ள பக்க விளக்குகள், பின் விளக்கு, பாய்மரத்தின் நடு உயரத்தில் உள்ள வெள்ளை விளக்கு மூன்றையும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து எரித்தால் எதிரே வரும் கப்பலின் அதிகாரி என்னவென்று புரிந்துகொள்வார்? பகலில் பாயும் எஞ்சினும் சேர்ந்து ஓடினால் முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு. அதை யாரும் கட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்கு ஒரு கடல் மைலுக்குத் தெரிந்தால் போதும் என்கிறது விதி. கப்பல் 20 நாட், நீங்கள் 5 நாட், நேருக்கு நேர் என்றால் அந்த ஒரு மைல் இரண்டரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது.

கப்பல் தடங்களைக் குறுக்கே கடப்பதும் அப்படித்தான். விதி 10 படகின் முகம் தடத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்கிறது. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறதே என்று முகத்தைத் திருப்பி, சார்ட் பிளாட்டரில் செங்குத்துக் கோடு வரைய முயல்கிறார்கள். அது தப்பு. நீரோட்டம் தள்ளினால் தள்ளட்டும். முகம் செங்குத்தாக இருந்தால்தான் கப்பலுக்கு உங்கள் முழுப் பக்கமும் தெரியும், தடத்தில் இருக்கும் நேரமும் ஆகக் குறைவாக இருக்கும். இதை எழுத்துத் தேர்வில் கேட்டால் பத்தில் ஏழு பேர் சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன். தேர்வு இல்லாவிட்டால் அந்தக் கேள்வியையே யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பசிபிக் தமிழ்:
அமெரிக்க ஏ.எஸ்.ஏ. (பாய்ப்படகுச் சங்கம்) முறையில் முதல் நிலையான 101-லேயே எழுத்துத் தேர்வு உண்டு, தேற 80 சதவீதம். எல்பே நதி சொன்ன மனப்பாடக் குறை இங்கேயும் உண்டு. 105 என்ற கரையோர வழிநடத்தல் பாடம் நேர் எதிர்: படகே கிடையாது, முழுக்க வரைபடமும் கணக்கும். அது உருப்படியான தாள்.

காந்த விலக்கம் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் தென்கரையில் இப்போது அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கிழக்கே சுமார் 13 பாகை. குறி மாறினால் பிழை 26 பாகை. பத்து மைல் ஓடினால் நாலு மைலுக்கு மேல் விலகியிருப்பீர்கள். மிதவைகளும் இப்படித்தான். ஐரோப்பா, இந்தியா, இலங்கை, சிங்கப்பூரில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸில் சிவப்பு வலப்பக்கம்.

நெய்தல்நிலம்:
ஆக, பாடம் தேவை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறீர்கள். ஆனால் ‘எழுத்து’ தேர்வு ஏன்? வாயால் கேட்டால் போதாதா?

வாடைக்காற்று:
போதும், கேட்கத் தெரிந்தவர் கேட்டால். ஆர்.ஒய்.ஏ. படிகளில் மேலே இருக்கும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோருக்குக் கரைப்பாடச் சான்றிதழ் கட்டாயமில்லை. 2,500 கடல் மைல், 50 நாள், 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள் கணக்குக் காட்டி, ரேடியோ, முதலுதவிச் சான்றிதழ்களோடு போனால் தேர்வாளர் படகிலேயே சோதிப்பார். ஒருவர் மட்டும் என்றால் 8 முதல் 12 மணி நேரம். அதில் ஒன்று: உங்களைக் கீழே அறைக்குள் அனுப்பிவிடுவார். வெளியே பார்க்க முடியாது. வரைபடம், ஆழமானி, வேகமானி, கடிகாரம் மட்டும். அங்கிருந்தே ‘இன்னும் ஆறு நிமிடம் இதே திசை, ஆழம் 5 மீட்டர் வந்ததும் சொல்லுங்கள்’ என்று சுக்கான் பிடிப்பவருக்குக் கட்டளையிட்டு ஒரு மிதவைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தத் தாளைவிடவும் கடினமான தேர்வு அது.

அவ்வளவு நேரம் ஒரு தேர்வாளரைத் தொடக்கநிலை ஆள் ஒவ்வொருவருக்கும் ஒதுக்க முடியாது. தாள் அதற்கு மலிவான மாற்று. தவிர, படகு சாயும்போது, வயிறு புரட்டும்போது முதன்முறையாக ஓத முக்கோணம் (நீரோட்டம் தள்ளுவதைக் கணக்கிட வரைவது) வரையப் பழக முடியாது. மேசை அசையாத இடத்தில் ஐம்பது தடவை வரைந்த கைக்கு அசையும் மேசையில் அது பாதி வேகத்திலாவது வரும்.

யாழ்மாலுமி:
பாடமும் கையும் சேர்ந்து வேலை செய்யிற இடம் ஒண்டு சொல்லுறன். பின்காற்றில 6 நாட் ஓடுறீங்கள், உண்மைக் காற்று 15. முதுகில படுறது 9 நாட். சுகமாயிருக்கும். திரும்பிக் காற்றை எதிர்த்து 5 நாட்டில ஓடத் தொடங்கினால் படுற காற்று 19 ஆகும். விசை வேகத்தின்ரை வர்க்கத்துக்கு ஏற்ப கூடுறதால நாலு மடங்குக்கு மேல. படகு படாரெண்டு சாயும். பாடம் தெரிஞ்சவர் திரும்ப முன்னமே ரீஃப் போட்டிருப்பார் (பாயைச் சுருக்கியிருப்பார்). தெரியாதவர் சாஞ்ச பிறகு முன் தளத்துக்கு ஆளை அனுப்புவார், ஆள் தண்ணியில விழும்.

விழுந்த ஆளை எடுக்கிறதில கட்டுமரம் அண்ணைதான் சரி, அதைப் பேப்பரில பழகேலாது. ஒராள் கையை நீட்டினபடி கண்ணை எடுக்காமல் நிக்க வேணும், மிதவையை எறிய வேணும், ஜிபிஎஸ் பொத்தானை அமத்த வேணும். குறுக்குக் காற்றில கொஞ்சத் தூரம் விலகி, டேக் அடிச்சு (முன்பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்காலை திருப்பி), காற்றுக்குச் சாய்வாய் எதிர்த்து வர வேணும். ஷீட்டை விட்டால் மெயின் பாய் படபடக்குதோ எண்டு பாருங்கோ. படபடக்காமல் காற்றைப் பிடிச்சுக்கொண்டே நிண்டால் நீங்கள் ஆளுக்கு மேல்காற்றில நிக்கிறீங்கள், படகு நிக்காது. கீழை இறங்கித் திரும்பி ஏற வேணும். தேங்காய் மிதவையைப் போட்டு இருபது தரம் செய்தால்தான் வரும்.

எல்பே நதி:
நெய்தல்நிலத்தின் குறிக்கோளுக்கு நடைமுறை வரிசை: முதலில் ஒரு வார இறுதியோ, ஐந்து நாள் காம்பிடன்ட் க்ரூவோ (ஆர்.ஒய்.ஏ.யின் தொடக்கநிலைப் பாடம்) படகில். பிறகு குளிர்காலத்தில் கரைப்பாடம். வசந்தத்தில் டே ஸ்கிப்பர் செய்முறை. படகையே பார்க்காமல் கரைப்பாடம் எடுத்தால் சொற்கள் ஒட்டாது; பாடம் முடித்து ஒரு வருடம் இடைவெளி விட்டாலும் கணக்கு மறந்துபோகும்.

செய்முறைச் சான்றிதழை வைத்து ஐ.சி.சி. என்ற சர்வதேசத் தகுதிச் சான்று வாங்கலாம். குரோஷியாவில் அதோடு வி.எச்.எஃப். ரேடியோ சான்றிதழும் கேட்பார்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதன் தேர்வில் தாளும் உண்டு, கருவியைக் கையில் தந்து அவசர அழைப்பைச் சொல்லச் சொல்வதும் உண்டு. சேனல் 16, படகின் பெயர், எண், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்ற வரிசை பயத்திலும் வாயில் வர வேண்டும். அதை எழுதி சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது. நீங்களே விழுந்துவிட்டால் மனைவியோ பிள்ளையோ அல்லவா அழைக்க வேண்டும்?

கட்டுமரம்:
சரி சார், டிக் அடிக்கிற பரீட்சை வேஸ்ட், வரைபடத் தாள் தேவை. இதுல எனக்குச் சம்மதம். ஆனா மத்தியதரைக் கடல்ல ஓதமே பெருசா கிடையாதே, அவருக்கு அந்தப் பன்னிரண்டு பங்குக் கணக்கு எதுக்கு?

வாடைக்காற்று:
குரோஷியாவுக்கு மட்டும் என்றால் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே மின்னல் வேகத்தில் இறங்கும் போரா காற்றைப் பற்றிப் படிப்பது அதிகப் பயன். ஆனால் அவர் பயிற்சி எடுக்கப்போவது பிரிட்டனில்.

நெய்தல்நிலம், உங்களுக்கு ஒரு கணக்கு. அதே நாள், அதே திட்டு, அதே படகு. உயர் ஓதம் உங்கள் கடிகாரத்தில் 17:00. கீலுக்கு அடியில் அரை மீட்டர் மிச்சம் வைத்துத் திரும்பி வர, கடைசி நேரம் எது?

நெய்தல்நிலம்:
தேவைப்படும் ஓத உயரம் 0.9 + 1.8 + 0.5 = 3.2. பதினெட்டு மணிக்கு 5.0, பத்தொன்பதுக்கு 4.2, இருபதுக்கு 3.0. நடுவில் 3.2 வருவது ஏறக்குறைய 19:50.

வாடைக்காற்று:
சரி. 20:15-க்கு வந்தால் தட்டும். இது இறங்கும் ஓதம். மறுபடி மிதக்க ஐந்தரை மணி நேரம், அதாவது நள்ளிரவு தாண்டி 01:45. இப்போது பாரமானியைப் பாருங்கள்: 1033 காட்டுகிறது என்று வையுங்கள். அட்டவணை சராசரி அழுத்தத்துக்கு, அதாவது 1013-ஐ ஒட்டி. ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் நீர்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும்.

நெய்தல்நிலம்:
20 சென்டிமீட்டர் குறைவு. தேவை 3.4 ஆகிறது. 19:40.

வாடைக்காற்று:
ஆமாம். சோலன்ட் பக்கம் போனால் மட்டும் இந்தப் பன்னிரண்டு பங்கை எடுக்காதீர்கள். அங்கே உயர் ஓதம் இரட்டையாக வரும். அந்தத் துறைமுகத்துக்கென்று அச்சிட்ட வளைகோட்டிலிருந்துதான் படிக்க வேண்டும், அதுவும் தாழ் ஓதத்திலிருந்து எண்ணி.